விவரம் நேரில் மட்டும்

முழங்காலில் எந்தக் கோளாறும் இல்லாத ஒரு அம்மாளை, டோக்கனார் முழங்கால் எக்ஸ்ரேவுக்கு உள்ளே அனுப்பி வைத்துவிட்டார்.

அது தன் குற்றமில்லை, கைபேசியின் குற்றம் என்று பின்னால் வீட்டில் சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை. நடந்தது இவ்வளவுதான். முப்பத்தேழாம் எண்ணின் சீட்டைக் கையில் எடுத்தார். கைபேசி ‘டிங்’ என்றது. மின்னஞ்சல். மேசைக்கடியில் குனிந்து பார்த்தார். ஒரு மெத்தைக் கம்பெனி, ‘உங்கள் தூக்கத்தைப் பற்றி நாங்கள் கவலைப்படுகிறோம்’ என்று எழுதியிருந்தது. அவருடைய தூக்கத்தைக் கெடுத்த ஆள் எழுதவில்லை. வெறுத்துப்போய் நிமிர்ந்தவர், ஜன்னலுக்கு வெளியே முதலில் தெரிந்த கையில் சீட்டைத் திணித்தார்.

“தம்பி, நான் எக்ஸ்ரே எடுக்க வரலை. இங்க ஒருத்தரைப் பார்க்கணும்…”

“டாக்டரைத்தானே? படம் எடுத்தப்புறம்தான் பார்க்க முடியும். மூணாம் நம்பர் ரூம்.”

“இல்ல, நான் என்ன சொல்ல வந்தேன்னா…”

“பயப்படாதீங்கம்மா, வலிக்காது. எல்லாரும் முதல்ல இப்படித்தான் சொல்வாங்க. அடுத்தவர்!”

அந்த அம்மாள் சீட்டைப் பார்த்தார். டோக்கனாரைப் பார்த்தார். அவர் தலைக்கு மேலே இருந்த பலகையைப் பார்த்தார். ஏதோ புரிந்தவர் போலத் தலையை ஆட்டிவிட்டு, தோளில் தொங்கிய கனத்த துணிப்பையோடு மூன்றாம் எண் அறைக்குப் போனார்.

டோக்கனார் என்பது அவர் பெயரில்லை, பட்டம். அந்த ஸ்கேன் சென்டரின் முன் ஜன்னலில் பத்தொன்பது வருடமாக உட்கார்ந்து, மனிதர்களைக் காக்க வைப்பதே அவர் தொழில். “உட்காருங்க”, “கூப்பிடுவோம்”, “இப்ப வந்துடும்” என்ற மூன்றே வசனங்களில் இத்தனை காலம் குடும்பம் நடத்திவிட்டார். தலைக்கு மேல் பலகை: ‘விவரம் நேரில் மட்டும். தொலைபேசி, மின்னஞ்சல் கூடாது. வரிசையில் வரவும்.’ அதே வாசகம் ஒரு ரப்பர் முத்திரையாக மேசைமேலும் இருந்தது. கைக்கு வந்த காகிதத்தில் எல்லாம் குத்துவார். பேசிக்கொண்டே குத்துவார், கொட்டாவி விட்டுக்கொண்டே குத்துவார். ஒரு நாள் மனைவி கொடுத்தனுப்பிய மளிகைச் சீட்டிலும் குத்திவிட்டார். கடைக்காரர் அதைப் படித்துப் பார்த்துவிட்டு, “நேர்லதானே சார் வந்திருக்கீங்க?” என்று பயந்துபோய்க் கேட்டார்.

அப்படிப்பட்டவர் இப்போது தானே காத்திருந்தார். எட்டாவது வாரம்.

விஷயம் என்னவென்றால், டோக்கனார் ஒரு நாவல் எழுதியிருந்தார். பதினொரு வருடம், மதிய இடைவேளைகளில், சாப்பாட்டு டப்பாவின் மூடிமேல் காகிதத்தை வைத்து எழுதினார். நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். பெயர், ‘எண் கூப்பிடும்வரை’. ஒரு நோயும் இல்லாத ஒரு மனிதர், தன் எண்ணை யாராவது கூப்பிடுவார்களே என்பதற்காகவே தினமும் ஒரு ஆஸ்பத்திரியில் வந்து உட்காரும் கதை. எழுதியவருக்கு அதில் மூன்று இடங்களில் கண்ணீர் வந்தது. நாலாவது இடத்தில் அவருக்கே தூக்கம் வந்தது. ஆனாலும் அதை வெட்ட மனசு வரவில்லை. வெளியிடுவதற்கு ஒரு புனைபெயரும் வைத்திருந்தார். மிக நீளமான, மிகக் கம்பீரமான பெயர். ஒரே மூச்சில் சொல்ல முடியாது, நடுவில் ஓர் இடத்தில் நின்று இளைப்பாற வேண்டும்.

பதிப்பகங்களுக்கு நேராக அனுப்பினால் யாரும் படிப்பதில்லை, நடுவில் இலக்கிய முகவர் என்று ஒருவர் இருக்க வேண்டும், அவருக்குப் பிடித்தால் அவரே பதிப்பகத்தாரிடம் பேசி முடித்துக் கொடுப்பார் என்று எங்கோ படித்தார். இதை அவர் மனைவி ஒரே வரியில் புரிந்துகொண்டார்.

“வீட்டு புரோக்கர்னு சொல்லுங்க.”

“புரோக்கர் இல்லம்மா. இலக்கிய முகவர்.”

“மனுஷனுக்கு வீடு பார்த்துக் குடுத்தா புரோக்கர். புத்தகத்துக்கு வீடு பார்த்துக் குடுத்தா முகவர். ரெண்டு பேரும் போன் எடுக்க மாட்டாங்க, அவ்வளவுதான்.”

மனைவி வீட்டிலேயே திரைச்சீலை தைப்பவர். வாயில் எப்போதும் நாலு குண்டூசி இருக்கும். அவற்றைக் கீழே விழ விடாமல் இவ்வளவு பேசுவது ஒரு வித்தை.

டோக்கனார் கண்டுபிடித்த முகவர் ஒரு பெண்மணி. முப்பது வருட அனுபவம். இணையப் பக்கத்தில் அவர் படம் இல்லை, ஒரு பூனையின் படம் இருந்தது. கீழே விதி: ‘தாளில் அச்சிட்டு அனுப்பவும். எட்டு வாரத்துக்குள் மின்னஞ்சலில் பதில் வரும். போன் செய்து கேட்க வேண்டாம்.’ படித்ததும் டோக்கனாருக்கு மரியாதை பிறந்தது. நம்ம ஆளு, என்று நினைத்துக்கொண்டார்.

‘வேண்டாம்’ என்று கையெழுத்துப் பிரதி திரும்பி வந்தால் மனைவி கண்ணில் முதலில் படக்கூடாது. அதனால் புனைபெயரைப் போட்டு, கீழே ஸ்கேன் சென்டரின் முகவரியையும் தன் மின்னஞ்சலையும் கொடுத்தார். நானூறு பக்கம் கொள்ளும் உறை கடையில் இல்லை. எக்ஸ்ரே படம் போடும் பெரிய பழுப்புக் கவர்தான் சரியாக இருந்தது. ஒரு மதியம், ஜன்னலில் உட்கார்ந்தபடியே, பத்தொன்பது வருடம் பழகிய கை தானாக வேலை செய்ய, கட்டி ஒட்டிக் கூரியரில் போட்டார். வானத்தைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார். வானம் அங்கே இல்லை, தகரக் கூரைதான் இருந்தது.

முதல் வாரம் கம்பீரமாகக் காத்திருந்தார். இரண்டாம் வாரம் ஒரு நாளைக்குப் பத்து தடவை மின்னஞ்சல் பார்த்தார். மூன்றாம் வாரம் மின்னஞ்சலே பழுதாகிவிட்டதோ என்று சந்தேகம் வந்து, தனக்குத் தானே ஒரு கடிதம் அனுப்பிப் பார்த்தார். வந்தது. வந்த அந்த ஒரு நொடி சந்தோஷமாகக்கூட இருந்தது. அப்புறம் முகவரின் பூனையை உற்றுப் பார்க்க ஆரம்பித்தார். காலையில் பார்த்தால் பூனை சிரிப்பது போலத் தெரியும். மாலையில் பார்த்தால் நாவலை வேண்டாம் என்று சொல்லும் முகமாகத் தெரியும்.

எட்டாவது வாரம், திங்கட்கிழமை காலை, மெத்தைக் கம்பெனி எழுதியது. அந்த அம்மாள் உள்ளே போனார்.

உண்மையான முப்பத்தேழு ஒரு கால்பந்து நடுவர். முழங்கால் வீங்கி, ஒரு தடியை ஊன்றி முக்கால் மணி நேரம் நின்றவர், நாற்பத்தைந்தைக் கூப்பிட்டதும் வெடித்தார்.

“என் நம்பர் எங்கய்யா?”

“உங்க நம்பர் உள்ள போயாச்சே சார்.”

“நான் வெளிய நிக்கறேன், என் நம்பர் உள்ள போயாச்சா? இருபது வருஷம் விசில் ஊதினவன் நான். இந்த மாதிரி ஃபவுல் பார்த்ததே இல்ல!”

சத்தம் கேட்டு மேலாளர் வந்தார். மேலாளர் ஒருபோதும் குரல் உயர்த்த மாட்டார். அதுதான் எல்லாருக்கும் பயம். நடுவரிடம் மன்னிப்புக் கேட்டு அவரை உட்கார வைத்துவிட்டு, டோக்கனாரிடம் மெல்லிய குரலில் சொன்னார்:

“வேற யாரையோ உள்ள அனுப்பிட்டீங்க. அவங்க எழுத்துல புகார் குடுத்தா, என்னால ஒண்ணும் செய்ய முடியாது. நீங்க கீழ பழைய பட அறைக்குப் போயிடலாம். அமைதியான இடம். உங்களுக்கும் நல்லது.”

பழைய பட அறை தரைக்குக் கீழே இருந்தது. அங்கே கைபேசிக்கு சிக்னல் கிடையாது. முகவரின் பதில் வந்து மேலே நின்று கதவைத் தட்டும், அவர் கீழே கேட்காமல் உட்கார்ந்திருப்பார்.

அந்த அம்மாள் படம் எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது டோக்கனார் ஜன்னலை விட்டே ஓடிவந்தார். புகார் பிறக்கும் முன்பே தடுத்தாக வேண்டும். வாயில் வந்ததைச் சொன்னார்.

“அம்மா, வாழ்த்துகள்! இன்னைக்கு நம்ம சென்டர்ல பெரியவங்களுக்கு இலவச முழங்கால் பரிசோதனை. முதல் ஆள் நீங்கதான்!”

“அப்படியா? சரி. இது முடிஞ்சதுன்னா, அடுத்து நான் எங்க…”

“அவ்வளவுதாம்மா. வீட்டுக்குப் போகலாம்.”

“அவ்வளவுதானா?” அந்த அம்மாள் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. “மறுபடி எப்ப வரணும்?”

“திங்கள்கிழமை வந்து ரிப்போர்ட் வாங்கிக்கோங்க,” என்று வாசல்வரை கொண்டுபோய் விட்டார். அப்பாடா என்று திரும்பினால், பெஞ்சில் இருந்த பதினாறு பேரும் கால்சட்டையையும் புடவையையும் முழங்காலுக்கு ஏற்றிக்கொண்டு எழுந்து நின்றார்கள்.

“இலவசம்னு எங்ககிட்ட ஏன் சொல்லலை?”

“எனக்கு ரெண்டு முழங்காலுமே மோசம்!”

“நான் காதுக்குத்தான் வந்தேன். பரவால்ல, முழங்காலையும் பாருங்க.”

படம் எடுக்கும் பெண்மணியை எல்லாரும் எக்ஸ்ரே அக்கா என்பார்கள். அவர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். “டோக்கனாரே, என்ன இது, முழங்கால் ஊர்வலமா?”

மேலாளரும் பார்த்தார். டோக்கனார், “ஒரு… சமூக சேவை மாதிரி…” என்றார். மேலாளர் கோபப்பட்டிருந்தால் பிழைத்திருப்பார். மேலாளருக்கு அது பிடித்துப் போய்விட்டது. மறுநாள் வாசலில் ஒரு பெரிய பேனர். ‘முழங்கால் நல முகாம், ஒரு மாதம்.’ பொறுப்பாளர் என்று டோக்கனாரின் கைபேசி எண்ணும் மின்னஞ்சல் முகவரியும் ஆளுயரத்தில்.

அன்றிலிருந்து அவர் கைபேசி வாயை மூடவில்லை. எட்டு வாரமாக எந்த ‘டிங்’குக்காக ஏங்கினாரோ, அந்த ‘டிங்’ இப்போது நிமிடத்துக்கு ஒன்று வந்தது. எல்லாம் முழங்கால். வீங்கிய முழங்கால், மடக்க முடியாத முழங்கால், ‘இது என் மாமியாருடையது, பழைய படம்’ என்று ஒரு முழங்கால். அழிக்கவும் முடியாது. நடுவில் எங்கேயாவது முகவரின் பதில் மாட்டிக்கொண்டிருந்தால்? ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தார். இரவு சாப்பாட்டுத் தட்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு பார்த்தவரைக் கண்டு, மனைவி குண்டூசிகளை வாயிலிருந்து எடுத்தே விட்டார்.

“என்னங்க, இந்த வயசுல முட்டிக்கால் படமா பார்த்துக்கிட்டு… உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?”

எல்லாவற்றையும் சொன்னார். மனைவி சிரித்த சிரிப்பில் தையல் மெஷினே ஒரு பக்கம் நகர்ந்தது. சிரித்து முடித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: “அந்தம்மா திங்கக்கிழமை வருவாங்கல்ல? தெரியாம நடந்துபோச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க.”

“சொன்னா, நான் தப்பு பண்ணேன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமே.”

“பண்ணலையா?”

“பண்ணேன். ஆனா அது அவங்களுக்குத் தெரியாதுல்ல?”

“அவங்க முழங்காலு, அவங்களுக்குத் தெரியாதா?”

அடுத்த திங்கட்கிழமை அந்த அம்மாள் வந்தார். ரிப்போர்ட்டை எக்ஸ்ரே அக்காவே அவர் கையில் கொடுத்துவிட்டார். ‘முழங்கால் நன்றாக உள்ளது’ என்று அதில் இருந்தது. வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு அவர் போகவில்லை. மறுபடி ஒரு டோக்கன் எடுத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு சின்ன நோட்டில் என்னவோ எழுதினார். எழுதிவிட்டு நிமிர்ந்து, பெஞ்சு முழுவதையும் ஒரு பார்வை, ஜன்னலை ஒரு பார்வை பார்த்தார்.

புகார்தான், என்று டோக்கனாருக்கு உறுதியாகிவிட்டது. முழங்கால் நல்லா இருக்குன்னு காகிதத்திலேயே கையில வாங்கிட்டாங்க. இதைவிட சாட்சி வேறென்ன வேணும்?

அந்த அம்மாளின் எண் நாற்பத்திரண்டு. டோக்கனார் நாற்பத்தொன்றைக் கூப்பிட்டார். தொண்டையைக் கனைத்தார். நாற்பத்துமூன்றைக் கூப்பிட்டார்.

பத்தொன்பது வருடத்தில் அவர் செய்யாத காரியம் அது. காக்க வைப்பார், அதட்டுவார், ஆனால் எண்ணைத் தாண்ட மாட்டார். அவருடைய நாவலில் ஒரு வில்லன் உண்டு. அவன் செய்வதே அதுதான். முந்நூற்று இருபதாம் பக்கத்தில் அவனைத் திட்டி ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தார்.

ஒரு மணிக்கு ஜன்னல் மூடும் நேரம். அந்த அம்மாள் எழுந்து வந்தார்.

“தம்பி, என் நம்பர் வரலையே?”

“மெஷின் கோளாறும்மா. அடுத்த திங்கள் வாங்க.”

“சரி தம்பி. நீங்க சொல்ற மாதிரியே வர்றேன்.” கோபமில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

அடுத்த திங்கள் அந்த அம்மாளின் எண் அறுபது, அதையும் தாண்டினார். தங்கள் எண்ணையும் தாண்டிவிடுவாரோ என்று அறுபத்தொன்றும் அறுபத்திரண்டும் முன்கூட்டியே சண்டைக்கு வந்தார்கள். இனி எந்த எண்ணைத் தாண்டுவார் என்று பெஞ்சில் பந்தயம் கட்டாத குறை. எக்ஸ்ரே அக்கா இடையில் வந்து சொன்னார்:

“டோக்கனாரே, அந்தம்மா யாரையோ தேடி வந்திருக்காங்களாம். பேரைச் சொன்னாங்க. ரிஜிஸ்டர் பூரா தேடிட்டேன், அப்படி ஒரு பேஷன்ட்டே நமக்கு இல்ல.”

“என்ன பேரு?”

“அதெல்லாம் என் வாயில நுழையல. பேரா அது? ரயில் வண்டி!”

வக்கீல், என்று முடிவுகட்டினார் டோக்கனார். வக்கீலைச் சந்திக்கும் இடமாக நம்ம பெஞ்சையே வைத்திருக்கிறார்கள். என்ன துணிச்சல்.

நாலாவது திங்கட்கிழமை அந்த அம்மாள் வாசலில் தெரிந்ததும், டோக்கனார் ஜன்னலை எக்ஸ்ரே அக்காவிடம் ஒப்படைத்துவிட்டு மாடிப்படிக்குக் கீழே போய் ஒளிந்துகொண்டார். துடைப்பங்களுக்கு நடுவில், வாளிமேல் உட்கார்ந்து, கைபேசியை எடுத்தார். எழுபத்தொன்பது முழங்கால். முகவர் இல்லை. பதினொரு வாரம்! எந்த விதிக்கும் ஒரு எல்லை உண்டு. போன் செய்யக்கூடாது என்ற விதியை மீறி, முகவரின் அலுவலகத்துக்குப் போன் செய்தார். யாரோ ஒரு பெரியவர் எடுத்தார்.

“முகவர் அம்மா இருக்காங்களா? நான் ஒரு… வாசகர்.”

“திங்கக்கிழமை காலையில அவங்க இருக்க மாட்டாங்களே சார்.”

“இப்பல்லாம் புது நாவல் எதுவும் படிக்கிறதில்லையா?”

அந்தப் பெரியவருக்கும் பேச ஆள் கிடைக்காமல் இருந்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்தி, “எங்க சார் படிக்கிறது? ஒரு மாசமா ஒரே ஒரு எழுத்தாளர் பின்னாலதான் அலையறாங்க. பெரிய ஆளு போலருக்கு. போன் பண்ணக்கூடாதாம். இவங்க நேர்ல போனா, மணிக்கணக்கா உக்கார வெச்சுட்டு, முகத்தையே காட்டாம அனுப்பிடறாராம். அவ்வளவு கெடுபிடி. வேற யாராயிருந்தாலும் போய்யான்னு விட்டிருப்பாங்க. இவங்க என்னடான்னா, அவரு எழுத்து அப்படி, அவரு அப்படித்தான் இருப்பாருங்கறாங்க,” என்றார்.

டோக்கனார் வாளிமேல் உட்கார்ந்தபடி எரிந்தார். அன்று மாலை வீட்டுக்கு வந்தும் அணையவில்லை.

“யாரோ ஒரு திமிர் பிடிச்ச எழுத்தாளனாம். ஒரு மாசமா அந்த அம்மாவை நாய் மாதிரி காக்க வைக்கிறானாம். அவனாலதான் என் நாவல் கேட்பாரில்லாம கெடக்குது!”

“சே, என்ன ஜென்மம் அது?” மனைவி உண்மையிலேயே வருத்தப்பட்டார். “வயசான பொம்பளையை அலைக்கழிக்கிறானே. நாலு வார்த்தை நேரா பேசினா குறைஞ்சா போயிடுவான்?”

“அதானே!”

“மனசாட்சியே இல்லாத ஆளா இருப்பான்.”

“அவனை நேர்ல பார்த்தேன்னு வை…”

“சரி, அதை விடுங்க. அந்த முழங்கால் அம்மா இன்னைக்கு வந்தாங்களா?”

டோக்கனார் கைபேசியைச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

“வந்தாங்க.”

“பேசினீங்களா?”

“படிக்குக் கீழ இருந்தேன்.”

மனைவி மெஷினை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார். திட்டவில்லை. பக்கத்தில் வந்து, அவர் சட்டைப் பையிலிருந்து கைபேசியை எடுத்து மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

“பதில் வராம இருக்கறது எப்படி இருக்குன்னு உங்களைவிட இப்ப யாருக்குங்க தெரியும்? பதினோரு வாரமா பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன். தட்டுல சோறு போட்டது தெரியாம உக்காந்திருக்கீங்க. அந்தம்மாவும் பாவம், நாலு வாரமா அப்படித்தானே உக்காந்திருக்காங்க? புகார் குடுத்தா குடுக்கட்டும். கீழ் அறைக்கு அனுப்பினா போங்க. மதியம் நான் சென்டருக்கு வந்து, உங்க போனை மேல வெச்சு மெயில் பார்த்துச் சொல்றேன்.”

நாவலில் கண்ணீர் வந்த மூன்று இடங்களும் அந்தக் கடைசி வரிக்கு முன்னால் ஒன்றுமே இல்லை என்று டோக்கனாருக்குத் தோன்றியது.

ஐந்தாவது திங்கட்கிழமை. அந்த அம்மாள் வந்தார். டோக்கன் எடுத்தார். முப்பத்தேழு. அதைப் பார்த்தார் டோக்கனார். கைபேசியை அணைத்து இழுப்பறைக்குள் போட்டார். முப்பத்தாறு முடிந்தது. பெஞ்சு முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, தாண்டுவாரா மாட்டாரா என்று பார்த்தது.

“முப்பத்தேழு!”

பின் வரிசையில் யாரோ கை தட்டினார்கள்.

அந்த அம்மாள் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்கு வந்தார். அவர் வாயைத் திறக்கும் முன்பே டோக்கனார் ஆரம்பித்துவிட்டார்.

“அம்மா, ஒரு நிமிஷம். முதல்ல நான் பேசிடறேன். அன்னைக்கு உங்களை எக்ஸ்ரேவுக்கு அனுப்பினது தப்பு. அது உங்க சீட்டு இல்ல. ஒரு கால்பந்து நடுவரோட சீட்டு.”

“அப்ப அந்த இலவசப் பரிசோதனை?”

“நான் விட்ட கதைம்மா.”

“நல்லாத்தான் விடறீங்க,” என்றார் அந்த அம்மாள். “ஊரே நம்பிடுச்சே. மெஷின் கோளாறு?”

“அதுவும் நான்தான். நீங்க எழுத்துல புகார் குடுத்துடுவீங்கன்னு பயந்து, வேணும்னேதான் உங்க நம்பரைத் தாண்டினேன். போன வாரம் படிக்குக் கீழ ஒளிஞ்சிருந்தேன்.”

“துடைப்பத்துக்குப் பக்கத்துல ஒரு செருப்பு தெரிஞ்சுது. உங்களோடதுதானா?” அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “சரி, சீட்டு ஏன் மாறிப்போச்சு? இத்தனை வருஷம் பார்க்கற வேலைதானே?”

“மெயில் பார்த்துக்கிட்டிருந்தேம்மா.” டோக்கனார் குரல் தாழ்ந்தது. இதை ஸ்கேன் சென்டரில் அவர் யாரிடமும் சொன்னதில்லை. “சொன்னா சிரிப்பீங்க. நான் ஒரு நாவல் எழுதி ஒரு முகவருக்கு அனுப்பியிருக்கேன். பன்னண்டு வாரம் ஆச்சு. வேணும், வேணாம், ஒரு வார்த்தை வரலை. அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது. யாரோ ஒரு பெரிய எழுத்தாளர் அவங்களை அலைய விடறாராம். அந்த ஆளு மட்டும் என் கையில கெடைச்சான்னா…”

அந்த அம்மாளின் சிரிப்பு நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு, டோக்கனாரை முதல் தடவை பார்ப்பவர் போலப் பார்த்தார்.

“நாவல் பேரு என்ன, தம்பி?”

“எண் கூப்பிடும்வரை.”

அந்த அம்மாள் டோக்கனாரின் புனைபெயரை, நடுவில் எங்கேயும் இளைப்பாறாமல், ஒரே மூச்சில் சொன்னார்.

டோக்கனார் அப்படியே உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்துதான் இருந்தார், இன்னும் கொஞ்சம் உட்கார்ந்தார்.

துணிப்பையிலிருந்து ஒரு பெரிய பழுப்புக் கவர் வெளியே வந்தது. ஓரமெல்லாம் நைந்து, நடுநடுவே அடையாளத் துண்டுகள் நீட்டிக்கொண்டு, பலமுறை படித்த கனத்தோடு ஜன்னல் பலகைமேல் இறங்கியது. இடது மூலையில் அவர் கையெழுத்து, அவர் புனைபெயர். அதற்கு மேலே, நீல மையில், கொஞ்சம் சாய்வாக, பத்தொன்பது வருடம் பழகிய கையின் முத்திரை: ‘விவரம் நேரில் மட்டும். தொலைபேசி, மின்னஞ்சல் கூடாது. வரிசையில் வரவும்.’

“அம்மா… நீங்க… அப்ப அந்தத் திமிர் பிடிச்ச…” டோக்கனாருக்கு நாக்கு ஒத்துழைக்கவில்லை. “நேரா ஒரு பதில் சொல்லிடுங்கம்மா.”

“நேர்ல வரச் சொன்னீங்க, வந்தேன். வரிசையில நிக்கச் சொன்னீங்க, நின்னேன். உள்ள அனுப்பினீங்க, முழங்காலையும் காட்டினேன். இந்த நாவலை நான் எடுத்துக்கறேன்னு சொல்றதுக்கு இன்னும் எந்த ரூமுக்குப் போகணும், தம்பி?”